பவளமும் பல்பும்

(பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதித் தொடர்கல்வி மையங்களில் பேசிய உரை)



இன்று கடலில் வாழும் ஒரு பிராணியைப் பற்றிப் பேசப் போகிறேன். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு இருக்கிறது. மறையூரில் கரும்பு இருக்கிறது. மூணாறில் தேயிலை இருக்கிறது. கடல் எங்கே, நாம் எங்கே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இப்போது எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்டது. அதில் ஒரு படம் காட்டுகிறார்கள். கண்ணாடித் தொட்டி. அதற்குள் பூப்போல அசையும் பவளம். மேலே ஒரு சாதாரண வீட்டு பல்பு. "நூறு ரூபாய் பல்பில் பவளம் வளர்க்கலாம்" என்று சொல்கிறார்கள். இது உண்மையா? நாமும் வளர்க்கலாமா? நம் மையத்தில் சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில் பவளம் என்றால் என்ன என்று பார்ப்போம்.

பார்த்தால் கல் போல இருக்கும். கிளை விட்டுச் செடி போலவும் இருக்கும். ஆனால் அது கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது உயிருள்ள பிராணி. ஒரு பிராணிகூட இல்லை. ஆயிரக்கணக்கான சின்னப் பிராணிகள் சேர்ந்து வாழும் கூட்டம். ஒவ்வொன்றும் அரிசி அளவு, பயறு அளவு இருக்கும். உடம்பு சின்னக் குழாய் மாதிரி. மேலே ஒரு வாய். வாயைச் சுற்றி விரல் போன்ற உறுப்புகள். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன் அடியில் வீடு கட்டும். அது செத்தாலும் அந்தச் சுண்ணாம்பு வீடு நிற்கும். அதன் மேல் அடுத்த தலைமுறை கட்டும். இப்படிக் கட்டிக் கட்டித்தான் பவளப்பாறை உண்டாகிறது. கடலோர மக்கள் இதை முருகைக்கல் என்பார்கள்.

மோதிரத்தில் பதிக்கிறோமே, சிவப்புப் பவளம், அதுவும் இதற்கு உறவுதான். ஆனால் அது வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளர்வது. நாம் இன்று பேசுவது வெளிச்சத்தில் வளரும் பவளத்தைப் பற்றி.

ஒரு பிராணிக்கு வெளிச்சம் எதற்கு? ஆட்டுக்கும் மாட்டுக்கும் வெயில் சோறு போடுமா? போடாது. ஆனால் பவளத்துக்கு வெயில்தான் சோறு போடுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசிக்குப் பவளம் இடம் கொடுக்கிறது. பாசி என்ன செய்கிறது? நம் நெற்பயிர் போலவே சூரிய ஒளியை வாங்கி உணவு தயாரிக்கிறது. தயாரித்த உணவில் பெரும் பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பவளத்துக்கு வேண்டிய சத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை இப்படிக் கிடைக்கலாம். வாரத்துக்கு நிலம் விடுவது போலத்தான் இது. ஆனால் இவ்வளவு வாரம் கேட்டால் நம் ஊரில் அன்றைக்கே சங்கம் கூடிவிடும்! பாசிக்கு அதில் நஷ்டம் இல்லை. பவளத்தின் கழிவு அதற்கு உரம். பவளத்தின் உடம்பு அதற்குப் பாதுகாப்பு.

பவளத்துக்கு நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பாசிதான். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசிக்கு வேலை இல்லை. பாசிக்கு வேலை இல்லாவிட்டால் பவளத்துக்குச் சோறு இல்லை.

இப்போது பல்புக்கு வருவோம்.

உச்சி வெயிலின் வெளிச்சத்தை அளந்தால் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அளவு. டியூப் லைட் எரியும் நம் வீட்டு அறையில் எவ்வளவு? இருநூறு, முந்நூறு லக்ஸ்தான். நம் கண் சமாளித்துக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. பாசிக்குத் தெரியும்.

ஆனால் பல்பைத் தண்ணீருக்கு மிக அருகில் வைத்தால் கதை மாறும். 9 வாட் எல்இடி பல்பு ஒரு சாண் தூரத்தில் ஏறக்குறைய மூவாயிரம், நான்காயிரம் லக்ஸ் வெளிச்சம் தரும். இரண்டு சாண் தள்ளி வைத்தால் பாதியாகாது, கால் பங்காகிவிடும். தூரம் இரண்டு மடங்கு ஆனால் வெளிச்சம் நாலில் ஒன்று. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். கோழிக்குஞ்சுக்கு பல்பு போடும்போதும் இது உதவும்.

நிறத்திலும் ஒரு விஷயம் உண்டு. கடல்நீர் சூரிய ஒளியில் உள்ள சிவப்பை முதலில் விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம்வரை போகும். அதனால் பவளத்தின் பாசிக்கு நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பிடிக்கும். பல்பு அட்டையில் 6500 என்ற எண் இருந்தால் அது அப்படிப்பட்ட வெள்ளை. 2700 அல்லது 3000 என்று இருந்தால் மஞ்சள். அடுத்த முறை கடையில் அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கற்றது இதற்கும்தானே.

வெளிநாடுகளில் முன்பு பவளத் தொட்டிக்கு 250 வாட், 400 வாட் என்று பெரிய விளக்குகள் போட்டார்கள். வீடு அனலாக இருக்கும். கரண்டு பில்லும் ஏறும். பிறகு சிலர் சின்னத் தொட்டிகளில் சுருள் பல்பைப் போட்டுப் பார்த்தார்கள். இப்போது எல்இடி பல்பு போடுகிறார்கள். குறைந்த வெளிச்சத்தில் வாழும் சில மென்பவளங்கள் இந்த வெளிச்சத்திலேயே பிழைத்துப் பெருகின. ஆகவே கைபேசியில் சொன்னது முழுப் பொய் அல்ல. ஆனால் சொல்லாமல் விட்டது அதிகம்.

பவளத் தொட்டியில் பல்புதான் மிக மலிவான சரக்கு. மற்றவற்றைக் கேளுங்கள்.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ உப்பு வேண்டும். நம் அடுக்களை உப்பு ஆகாது. கடல்நீரில் உள்ள எல்லாச் சத்தும் கலந்த தனி உப்பு வேண்டும். அதன் விலை வேறு. தண்ணீரையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் மறுபடி உப்பு. இரவு பகலாகத் தண்ணீரை ஓடவைக்கப் பம்பு வேண்டும். மின்சாரம் போனால் பம்பு நிற்கும். தொட்டி மூச்சு முட்டும். மழைக்காலத்தில் மலைப்பக்கம் மரம் விழுந்து கரண்டு எத்தனை நேரம் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது சூடு. பவளத்துக்கு 25 முதல் 28 டிகிரி வரை தண்ணீர் இருந்தால் சுகம். 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. பாலக்காட்டுக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. அங்கே தொட்டிக்குக் குளிர்சாதனம் வேண்டும். மூணாறில் தை மாதக் காலையில் புல்மேல் உறைபனி படிகிறது. அங்கே தொட்டிக்குச் சூடு வேண்டும். எல்லையோரத்தில் கீழேயும் கஷ்டம், மேலேயும் கஷ்டம்.

இதெல்லாம் செலவு, சிரமம். பணம் இருப்பவர் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது சட்டம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2001-ல் அதன் முதல் அட்டவணையில் பவளங்களைச் சேர்த்தார்கள். பாறை கட்டும் எல்லாப் பவளங்களும் அதில் உண்டு. கருப்புப் பவளம் உண்டு. விசிறி போல இருக்கும் கடல்விசிறியும் உண்டு. பறம்பிக்குளத்துப் புலியும், இரவிகுளத்து வரையாடும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ, பவளத்துக்கும் அதே பாதுகாப்பு. அதை எடுப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாம் குற்றம். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு.

உயிருள்ள பவளத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் என்று நினைக்காதீர்கள். காய்ந்த வெள்ளைப் பவளத் துண்டுக்கும் அது பொருந்தும். நம் ஆட்கள் ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கோவில்களுக்குப் போகிறோம். யாராவது வெள்ளைப் பூப்போன்ற கல்லைக் காட்டி, "அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும்" என்று சொன்னால் வாங்க வேண்டாம். குழந்தை கேட்டாலும் வேண்டாம். சங்கு வளையல் வாங்கிக் கொடுங்கள்.

தொட்டியில் வைக்கும் பவளத்தை விற்பவர், "இது வெளிநாட்டில் வளர்த்தது, பேப்பர் இருக்கிறது" என்று சொல்லக்கூடும். அந்தப் பேப்பரைப் படித்து உண்மை பொய் கண்டுபிடிப்பது வக்கீலுக்கே கடினம். விற்றவர் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார். தொட்டி நம் வீட்டில் இருக்கும். வாங்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

ஏன் இவ்வளவு கடுமையான சட்டம்? தூத்துக்குடியின் கதையைக் கேட்டால் புரியும்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள கடலுக்கு மன்னார் வளைகுடா என்று பெயர். அங்கே கரையை ஒட்டி 21 சின்னத் தீவுகள். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள் அங்கே உண்டு. மீன்கள் அந்தப் பாறைப் பொந்துகளில்தான் குஞ்சு வளர்க்கின்றன. உலகத்துக் கடலடியில் நூறில் ஒரு பங்குகூடப் பவளப்பாறை கிடையாது. ஆனால் கடல்மீன் வகைகளில் நாலில் ஒரு பங்கு, வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் அதை நம்பி இருக்கிறது. பெரிய அலை வந்தால் பாறை அதை உடைத்து வேகத்தைக் குறைக்கிறது. அலையின் முழு அடியும் கரையில் விழாது.

இந்தப் பாறையைப் பல ஆண்டுகள் கடப்பாரையால் பெயர்த்தார்கள். வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். ஆலைக்கு அனுப்பினார்கள். வீடு கட்டவும் போட்டார்கள். பெயர்த்தவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மீன் கிடைக்காத நாளில் கல்தான் கூலி கொடுத்தது. ஆனால் கல் போன இடத்தில் பிறகு மீனும் குறைந்தது. சுமார் 32 சதுர கிலோமீட்டர் பாறை பாழானது. 21 தீவுகளில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பூவரசன்பட்டி ஒன்று, விலங்குச்சல்லி மற்றொன்று.

1986-ல் அரசு அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அப்போதும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001-ல் சட்டம் இறுகியது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. பாறையின் அருமை அப்போது கரையோர மக்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 2005-ல் கல் எடுப்பது நின்றது.

நின்றால் போதுமா? போன பாறை தானாக வருமா? வரும், ஆனால் மெதுவாக வரும். உருண்டைப் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஓர் ஆள் இடுப்பளவு உயர்ந்த பவளத்துக்கு நூறு வயது இருக்கலாம். உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் முளைத்ததை ஒருவர் பத்து நிமிடத்தில் பெயர்த்துவிடலாம். மான்கொம்புப் பவளம் கொஞ்சம் வேகம். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும்.

அதனால் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். இதுதான் நம் நாட்டில் உண்மையான பவள வளர்ப்பு. அவர்கள் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்கள். நன்றாக இருக்கும் பவளத்திலிருந்து சின்னக் கிளைத் துண்டுகளை எடுக்கிறார்கள். சிமென்ட் பலகையில் நைலான் கயிற்றால் கட்டுகிறார்கள். அந்தப் பலகைகளைப் பாழான இடத்தில் கான்கிரீட் சட்டத்தின் மேல் வைக்கிறார்கள். முருங்கைப் போத்து நடுவது போலத்தான். துண்டு சிமென்ட்டைப் பற்றிக்கொள்கிறது. கிளை விடுகிறது. அவர்கள் அடிக்கடி போய்ப் பார்த்து, மேலே படரும் வேண்டாத பாசியைச் சுத்தம் செய்கிறார்கள். களை எடுக்காத பயிர் எங்கேதான் விளையும்?

அங்கே உப்பு வாங்க வேண்டாம். பம்பு வேண்டாம். பல்பு சூரியன்தான்.

தூத்துக்குடிக்கு அருகில் வான் தீவு என்று ஒன்று. அதுவும் அரித்து அரித்து மூழ்கப் போன தீவு. 2015 முதல் அதன் முன்னால் கடலடியில் 10,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் கூடுகளை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது. தீவு தப்பியது. கூடுகளில் மீன் குடிவந்தது.

ஆனால் இன்னொரு ஆபத்து வந்திருக்கிறது. கடப்பாரையைவிடப் பெரிய ஆபத்து. கடல் சூடாகிறது. கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளம் தாங்காது. தன் உடம்பில் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி போனால் நிறமும் போகும், சோறும் போகும். பவளம் வெள்ளை வெளேர் என்று ஆகும். இதைப் பவள வெளிறல் என்கிறார்கள். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் சாகும். 2010-ல் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது. 2016-ல் இன்னும் மோசம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் உயிர்ப்பவளம் நூறில் 39 பங்கு இருந்தது. ஆண்டு முடிவதற்குள் 23 பங்காகக் குறைந்தது.

விளக்கு வெளிச்சத்தில் பவளம் வளர்ப்பது இந்த இடத்தில் நல்ல காரியத்துக்கு உதவுகிறது. பல வகைப் பவளங்கள் ஆண்டில் ஏதோ ஓரிரு இரவுகளில்தான் கடலில் முட்டை விடும். எந்த இரவு என்று அவற்றுக்கு நிலா சொல்லும். மன்னார் வளைகுடாவில் மான்கொம்பு இனத்துப் பவளங்கள் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டி முட்டை விடுவதைப் பார்த்திருக்கிறார்கள். லண்டன் நகரில் ஹார்னிமன் என்ற காட்சியகம் இருக்கிறது. கடலே இல்லாத இடம். அங்கே தொட்டிக்கு மேல் விளக்குகளை வைத்துச் சூரியன் உதிப்பதையும் மறைவதையும் காட்டினார்கள். நிலா வளர்வதையும் தேய்வதையும்கூட விளக்கால் காட்டினார்கள். தண்ணீரின் சூட்டையும் மாதத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். 2013-ல் அந்தத் தொட்டியில் பவளங்கள் சரியான காலத்தில் முட்டை விட்டன. எந்த வகைப் பவளம் சூட்டைத் தாங்கும் என்று இப்படிப்பட்ட தொட்டிகளில் ஆராய்கிறார்கள். அது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. அனுமதி பெற்றுச் செய்யும் வேலை.

சரி, மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டவர் என்ன செய்வது? நன்னீர்த் தொட்டி வையுங்கள். கப்பி மீன் விடுங்கள். நீர்ச்செடி நடுங்கள். கடல் உப்பும் வேண்டாம், குளிர்சாதனமும் வேண்டாம். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று போதும். நாளுக்கு 8 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். பழைய 60 வாட் குண்டு பல்பு என்றால் சுமார் பதினாலரை யூனிட் ஆகும். மின்சாரம் இடுக்கி அணைத் தண்ணீரில் வருகிறதென்றாலும் பில் நமக்குத்தானே வருகிறது!

இரண்டு எச்சரிக்கை. தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. பல்பு ஹோல்டரைத் தண்ணீரில் விழாதபடி உறுதியாகக் கட்டுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போது வயரில் வழியும் தண்ணீர் கீழே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டியில் கை விடும் முன் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வீட்டில் இ.எல்.சி.பி. இருந்தால் நல்லது.

இன்னொன்று, வளர்த்த மீன் அலுத்துப்போனால் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் எங்கோ தென் அமெரிக்காவில் வாழும் ராட்சத மீன்கள் வலையில் அகப்பட்டன. எல்லாம் வளர்ப்பிடத்திலிருந்து தப்பியவை. நம் ஆற்று மீனுக்கு அவை எமன்.

கடைசியாக ஒரு சின்ன சோதனை. பவளத்துக்குள் பாசி என்ன செய்கிறது என்பதை உங்கள் வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

குளத்திலிருந்து வேலம்பாசி கொஞ்சம் எடுத்து வாருங்கள். கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கலக்குங்கள். பாசித் தண்டைக் கத்தியால் நறுக்கி, நறுக்கிய முனை மேலே இருக்கும்படி தண்ணீருக்குள் முழுக வையுங்கள். மிதந்தால் ஒரு சின்னக் கல்லைக் கட்டுங்கள். முதலில் வெயிலில் வைத்துப் பாருங்கள். நறுக்கிய முனையிலிருந்து முத்து முத்தாகக் குமிழி வரும். அது நாம் சுவாசிக்கும் பிராணவாயு. பாசி வெளிச்சத்தை வாங்கி உணவு சமைக்கும்போது வெளியே விடும் வாயு.

பிறகு தம்ளரை வீட்டுக்குள் கொண்டுபோய் எல்இடி பல்புக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழி என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். இப்போது இரண்டு சாண் தள்ளி வைத்து மறுபடி எண்ணுங்கள். குமிழி குறையும். பல்பை அணைத்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும். எழுதிய நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மேலே மறையூரில் எண்ணியதையும் கீழே கொழிஞ்சாம்பாறையில் எண்ணியதையும் சேர்த்துப் பார்ப்போம்.